அறுந்த காயிலுக்குப் பதில் எது: ஸ்பிரிங்கா, ஜி காயிலா, இண்டக்ஷனா?

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களின் குடும்பங்கள்தான் அவற்றில் தங்குகிறார்கள். கொல்கத்தா, அகர்தலா, ராஞ்சி என்று எங்கெங்கிருந்தோ வந்து பத்து நாளும் இருப்பார்கள், இரண்டு மாதமும் இருப்பார்கள். நோயாளிக்குத் தினமும் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. மாடி அறைக்குள் கேஸ் சிலிண்டர் வைக்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ஆகவே அறைக்கு ஒரு கரண்ட் அடுப்பு. ஒரு அடுப்பில் காயில் போனால் அன்றைக்கு ஒரு நோயாளிக்கு நேரத்துக்குக் கஞ்சி கிடைக்காது. அதனால் இந்தக் காயில் விஷயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

காயில் போனால் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. பழையபடி பீங்கான் தட்டில் ஸ்பிரிங் காயிலே போடலாம். குழாய் மாதிரி மூடிய ஜி காயில் அடுப்புக்கு மாறலாம். அல்லது இண்டக்ஷன் வாங்கிவிடலாம். நான்காவதாக ஒன்றைப் பலர் செய்கிறார்கள்: அறுந்த இரண்டு முனைகளையும் கட்டிங் பிளேயரால் முறுக்கி ஒட்டுப் போடுவது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் சில வருடம் அப்படித்தான் செய்தேன். முறுக்கிய இடத்தில் கம்பியும் கம்பியும் சரியாகச் சேராது. அந்த இடம் மற்றதைவிட அதிகமாகப் பழுத்து, சில நாளில் அங்கேயே மறுபடி அறும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கம்பி குறைகிறது. கம்பி குறைந்தால் சூடும் குறையும் என்று நினைப்போம், நடப்பது நேர்மாறு. 2000 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு நீளம் போனால் அது 2200 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஒவ்வொரு ஒட்டுக்கும் அடுப்பு ஒயர்மேலும் பிளக்மேலும் சுமை ஏறிக்கொண்டே போகும். அறுந்தால் புதுசு போடுங்கள், ஒட்டு வேண்டாம்.

சரி, ஸ்பிரிங் காயில். விலை மிகக் குறைவு. லாங் பஜார் பக்கம் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். வீட்டிலேயே அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஆனால் வாங்கும்போது வாட் கேட்டு வாங்க வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் காயில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் காயில் அதில் பாதிதான். 1000 வாட் அடுப்பில் "நல்லா சூடாகட்டும்" என்று 2000 வாட் காயிலைப் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகினால் முதலில் உருகுவது பிளக் முள்ளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக். 2000 வாட்டுக்கு 16 ஆம்பியர் பாயின்ட்தான் சரி.

கடைக்குப் போகும்போது நான் ஒரு சின்னக் காந்தத்தையும் எடுத்துப்போவேன். நிக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் காப்புரிமை வாங்கியது. 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம் உள்ள நல்ல நிக்ரோம் கம்பியில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அதில் இரும்பு கலந்திருக்கிறது. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பியும் சூட்டைத் தாங்கும், மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு தடவை பழுத்து ஆறிய பிறகு அது மொடமொடவென்று ஆகிவிடும்; கரண்டி பட்டால் போதும், ஒடிந்துவிடும். வாடகை அறையில் கரண்டி படாமல் இருக்காது.

மாட்டுகிற விதத்தில்தான் ஆயுள் இருக்கிறது. புதுக் காயில் சுருண்டு ஒரு சாண்கூட இருக்காது. அதைக் கையால் கண்டபடி இழுத்தால் ஒரு பக்கம் நெருக்கமாகவும் ஒரு பக்கம் அகலமாகவும் போய்விடும். நெருக்கமான இடம் ரத்தச் சிவப்பாகப் பழுக்கும், அங்கேதான் முதலில் அறும். அதிகமாக இழுத்துவிட்டால் திரும்பச் சுருக்கவும் வராது. நான் செய்வது இது: ஒரு நூலை எடுத்துப் பீங்கான் தட்டின் பள்ளத்தில் முதலிலிருந்து கடைசிவரை படியவைத்து, நூலை வெளியே எடுத்துத் தரையில் நீட்டிவிடுவேன். அந்த நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காயிலை இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகச் சீராக இழுப்பேன். முனைக் கம்பியை நிமிர்த்தி இரட்டையாக மடித்து முறுக்கிய பிறகுதான் நட்டுக்கு அடியில் வைப்பேன். இரட்டைக் கம்பி அவ்வளவாகச் சூடாகாது, அதனால் முனையும் ஒயரும் கருகாமல் இருக்கும். அங்கே ஈயம் வைத்து ஒட்டுவது வீண் வேலை. சாதாரண ஈயப் பற்று 190 டிகிரிக்குள் உருகிவிடும்.

இத்தனை சொல்லிவிட்டு, வாடகை அறைகளுக்கு ஸ்பிரிங் காயில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் மூன்றாம் அறையில் நடந்தது. மகனுக்குச் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு அம்மா, மத்தியான நேரம், "தீதி (அக்கா), கரண்ட், கரண்ட்" என்று கையை உதறிக்கொண்டே படியில் ஓடிவந்தார். மெயினை அணைத்துவிட்டு மேலே போய்ப் பார்த்தேன். காயில் ஓரிடத்தில் பள்ளத்தைவிட்டு ஒரு நெல் உயரம் எழும்பியிருந்தது. அலுமினியப் பாத்திரத்தின் அடியில் அதே இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. பாத்திரம் முழுக்கக் கரண்ட் ஏறியிருக்கிறது. உள்ளே விட்ட கரண்டி வழியாக அவர் கைக்கு வந்திருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் தப்பித்தார். திறந்த காயில் என்றால் திறந்த கரண்ட்தான். பால் பொங்கி வழிந்தாலும் கஞ்சி வழிந்தாலும் பீங்கான் தட்டில் விரிசல் விழும்; உப்பும் சர்க்கரையும் கம்பியில் படிந்து கருகி அந்த இடத்தை அரிக்கும். ஊர் விட்டு ஊர் வந்து, மனசெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒருவரிடம் "பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அதை நம்பி ஒரு அடுப்பைக் கொடுக்க முடியாது.

ஜி காயிலில் இதே கம்பிதான் உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி நிரப்பி, மேலே உலோகக் குழாய் போட்டிருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. பாத்திரம் நேராகக் குழாய்மேல் உட்காரும். பால் வழிந்தால் துடைத்துவிடலாம். சூடேற ஒன்றிரண்டு நிமிடம் கூடவே ஆகும். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு நிற்கும், அதில் ரசத்தை வைத்தால் ஆறாமல் இருக்கும். விலை ஸ்பிரிங்கைவிடப் பல மடங்கு. ஆனாலும் எங்கள் அறைகளில் அது உழைக்கிற நாளைப் பார்த்தால் கொடுத்த காசு வீண் இல்லை.

அதற்கும் ஒரு குறை உண்டு. அந்தப் பொடி ஈரத்தை இழுக்கும். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு, சில மாதம் சும்மா கிடந்த அடுப்பைப் போட்டதும், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் டிரிப் ஆனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "அக்கா, எர்த் ஒயரைக் கழட்டிட்டா டிரிப் ஆகாது" என்றார். அந்த வார்த்தையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைக்கும்படி அந்தச் சுவிட்சைச் செய்ததே உயிரைக் காப்பாற்றத்தான். எர்த்தை எடுத்தால் கசிவு நிற்காது, குழாயிலேயே காத்திருக்கும். ஈரம்தான் காரணம் என்றால் உலர்த்தி, மெக்கர் (கசிவு இருக்கிறதா என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்த்துவிட்டுப் போடலாம். குழாயில் வெடிப்போ புடைப்போ தெரிந்தால் எலிமெண்ட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி. கழட்டும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் இரண்டு முனைக்கும் இடையே பாருங்கள்: 2000 வாட் என்றால் 26 ஓம் பக்கம் காட்டும், 1000 வாட் என்றால் 53. ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. ஓம் சரியாக இருந்தும் அடுப்பு சூடாகவில்லை என்றால் எலிமெண்ட்மேல் குற்றம் இல்லை. சுவிட்சையோ கருகிய முனையையோ பாருங்கள்.

இண்டக்ஷனை விரும்பி வாங்கினேன். கரண்ட் மிச்சம் என்பது உண்மை. பாத்திரமே சூடாவதால் சுற்றிலும் வீணாகப் போவது குறைவு. 2000 வாட் காயில் அடுப்பு தினம் ஒரு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அந்த ஒரு அடுப்பே கரண்ட் பில்லை ஏற்றிவிடும். கோடையில் சாயங்காலம் வோல்ட்டேஜ் 200க்கு இறங்கினால் 2000 வாட் காயில் 1500 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும், அரிசி வேக நேரம் இழுக்கும், அதுவும் தெரிந்ததே.

ஆனால் அறைகளில் இண்டக்ஷன் நிற்கவில்லை. வருகிறவர்கள் ஊரிலிருந்து கொண்டுவருவது பெரும்பாலும் அலுமினியப் பாத்திரம். காந்தம் ஒட்டாததால் அதில் சூடே ஏறாது. பழுது என்றால் நூல் வைத்து அளந்து மாற்றுகிற வேலை இல்லை. போர்டைத் திறக்க வேண்டும், மெக்கானிக்கிடம் போக வேண்டும், அதற்குள் இரண்டு நாள் போகும். இன்னொன்று, எங்கள் அறைகளுக்கு முக்கியமானது: பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எரிகிற இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. எட்டுக்குப் பத்து அறையில் கட்டிலும் அடுப்பும் பக்கத்தில்தான் இருக்கும்.

கீழே எங்கள் சமையலறையிலும் ஒரு சோதனை நடந்தது. மாமியாருக்கு வாரத்தில் இரண்டு நாள் கேழ்வரகுக் களி வேண்டும். களி கிண்டுவது என்றால் பாத்திரத்தைக் காலால் அண்டக்கொடுத்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்துவார். ஸ்பிரிங் அடுப்பில் அந்த அழுத்தத்துக்குப் பீங்கான் தட்டு இரண்டாக விட்டது. இண்டக்ஷன் கண்ணாடியின்மேல் அதைச் செய்ய நானே விடவில்லை. ஜி காயிலில், அடுப்பைத் தரையில் வைத்து, மாவு வெந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே அடுப்பின்மேலேயே கிண்டுகிறார். குழாயில் மிச்சமிருக்கும் சூடு களி இறுகுகிறவரை போதுமாக இருக்கிறது. ஒன்றரை வருடம் ஆகிறது, எலிமெண்ட் வளையவில்லை.

தானே மாற்றத் தெரிந்து, தானே பார்த்துச் சமைக்கிற ஒருவருக்கு ஸ்பிரிங் காயில் போதும். தனி வீட்டில், நல்ல வயரிங்கோடு, தட்டையான எவர்சில்வர் அடிப் பாத்திரம் வைத்திருப்பவருக்கு, அதன் அடியில் காந்தம் ஒட்டுகிறது என்றால், இண்டக்ஷன். மாடி நான்கு அறைகளுக்கும் நான் ஜி காயிலைத்தான் போட்டிருக்கிறேன், எல்லாம் 1500 வாட், எல்லாவற்றுக்கும் எர்த்தோடு 16 ஆம்பியர் பாயின்ட். ஸ்பேர் எலிமெண்ட் ஒன்று ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூடி இறுக்கிய டப்பாவில், ஸ்பேனரோடு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. இராத்திரி எட்டு மணிக்கு யாராவது வந்து "தீதி, அடுப்பு" என்றாலும் ஒன்பதுக்குள் கஞ்சி கொதிக்கும்.