லா ஹேக் அணுஎரிபொருள் மறுசுழற்சி: பிரிப்பதில் கில்லாடி, மீதிதான் சிக்கல்

பிரான்ஸின் நார்மண்டியில் ஓரானோ நிறுவனம் நடத்தும் லா ஹேக் ஆலையின் வேலை, உலையில் எரிந்து வந்த எரிபொருளைப் பிரித்துத் தருவது. எரிந்து வந்ததில் சுமார் 95 சதவீதம் யுரேனியம்தான், 1 சதவீதம் புளூட்டோனியம். மிச்சம் 4 சதவீதமே அசல் குப்பை.

சில ஆண்டுகள் குளத்தில் ஆறிய எரிபொருள் கம்பிகளை நறுக்கிக் கொதிக்கும் நைட்ரிக் அமிலத்தில் போடுகிறார்கள். எரிபொருள் கரையும், ஜிர்கோனியம் உறை கரையாது. அதை நசுக்கிக் கலனில் அடைக்கிறார்கள். 30 சதவீத டிரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கரைப்பானோடு கரைசலைக் கலக்கினால் யுரேனியமும் புளூட்டோனியமும் அதற்குத் தாவிவிடும். 99 சதவீதத்துக்கு மேல் மீட்பு. இதில் குறையே இல்லை. மிச்சக் குப்பையைக் கண்ணாடியோடு உருக்கிச் செய்யும் கழிவுக் கண்ணாடியும் தரமானது: 180 லிட்டர் எஃகுக் கலனில் சுமார் 400 கிலோ, தண்ணீரில் எளிதில் கரையாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அது திரும்ப அனுப்பப்படும், இடம் தயாராக வைத்திருங்கள். கன அளவு குறைந்தாலும் வெப்பம் குறையாததால், நிலத்தடிக் கிடங்கில் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இடம் மிச்சமாகாது.

சறுக்கல் புளூட்டோனியத்தில். பிரித்ததை உடனே யுரேனியத்தோடு கலந்து மாக்ஸ் (MOX) எனும் கலப்பு ஆக்சைடு எரிபொருளாக்க வேண்டும். புளூட்டோனியம்-241இன் அரை ஆயுள் 14 ஆண்டுதான். கிடப்பில் போட்டால் அது சிதைந்து, கதிர்வீச்சைக் கூட்டும் அமெரிசியம்-241 சேர்ந்து கையாள்வது கடினமாகும், மறுபடி சுத்திகரிக்க வேண்டி வரலாம். பிரிட்டன் இப்படிச் சுமார் 140 டன் குவித்துவிட்டு, அதைப் பயன்படுத்தாமல் திடப்படுத்திப் புதைக்க 2025இல் முடிவெடுத்தது. ஒருமுறை எரிந்த மாக்ஸ் கூடுதல் சூடு. வழக்கமாக அதை மறுபடி பிரிப்பதில்லை. மீட்ட யுரேனியத்திலும் நியூட்ரானை விழுங்கும் யுரேனியம்-236 இருப்பதால் கூடுதல் செறிவூட்டல் (எரியும் வகை யுரேனியத்தின் பங்கை உயர்த்துவது) தேவை. 'சுழற்சி' என்பது பெரும்பாலும் ஒரே சுற்று.

சுற்றுச்சூழல் கணக்கில் ஆதாயம், புதிதாகத் தோண்ட வேண்டிய யுரேனியம் ஓரளவு குறைவது. நஷ்டம்: கதிரியக்கப் பொருள்களான கிரிப்டான்-85 புகைபோக்கி வழியே காற்றுக்கும், டிரிடியமும் அயோடின்-129உம் குழாய் வழியே ஆங்கிலக் கால்வாய்க்கும் போகின்றன. மக்கள் பெறும் கதிர்வீச்சு அளவு சட்ட வரம்புக்கு வெகு கீழேதான். ஆனால் எரிபொருளை உலர் கலனில் அப்படியே மூடி வைத்தால் இந்த வெளியேற்றமே கிடையாது.

விபத்து வரும் விதத்துக்குப் பிரிட்டனின் செல்லாஃபீல்டில் இதே வேலையைச் செய்த தார்ப் ஆலையைப் பாருங்கள். எடை பார்க்கத் தொங்கவிட்ட தொட்டி ஆடி ஆடி, குழாய் களைத்து முறிந்தது. சுமார் 20 டன் யுரேனியம் கரைந்திருந்த 83 கன மீட்டர் அமிலம் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கசிந்து, 2005இல்தான் தெரிந்தது. எஃகு பூசிய அறை காப்பாற்றியது, வெளியே எதுவும் போகவில்லை.

மாக்ஸ் எரிக்க உரிமம் பெற்ற உலை கையில் இருந்தால் மறுசுழற்சி ஒப்பந்தத்தில் தாராளமாகக் கையெழுத்திடலாம். இல்லையென்றால் முதலில் உலர் கலனுக்கு விலை கேளுங்கள்.