பழைய கம்ப்யூட்டருக்கு ராம் போடப் போய் 1,850 ரூபாய் போச்சு

1,850 ரூபாய். வயிற்றெரிச்சல் அடங்காமல்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் இருப்பது 2013-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரி). பொண்ணு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு நாலு டேப் திறந்தாலே ஹார்டு டிஸ்க் கரகரவென்று ஓடி எல்லாம் நின்றுவிடும். இன்னொரு 4 ஜிபி போட்டால் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். என் மதர்போர்டில் ஏறுவது டிடிஆர்3 ரக ராம், 240 பின். டிடிஆர்4 என்றால் 288 பின், நடுவில் இருக்கும் வெட்டும் வேறு இடத்தில், அமுக்கினாலும் உட்காராது. இவ்வளவு தெரிந்தவன்தான் ஏமாந்தேன். மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த தெரு. சோம்பல். ஷேர் ஆட்டோவில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜெராக்ஸும் எடுத்துக் கம்ப்யூட்டரும் பார்க்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

அந்தத் தம்பி பழகிய விதம் இருக்கிறதே! "இன்னாண்ணே, உள்ள இவ்ளோ தூசி" என்று புளோயர் அடித்தான், அதற்குக் காசு வேண்டாம் என்றான். என் பழைய ராம் ஸ்டிக்கைக் கழற்றி, பின்களைப் பென்சில் ரப்பரால் பதமாகத் தேய்த்துக் காட்டினான். டீ சொன்னான். "சரக்கு சாயந்திரம்தான் வரும்ணே. வெச்சிட்டுப் போங்க, நம்ம கடைதானே?" அந்த 'நம்ம கடை'யில் விழுந்தேன். பெட்டியைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.

ஏழு மணிக்குப் போனால் திரையில் 8 ஜிபி காட்டுகிறது. அப்படியே போனில் 1,850 அனுப்பினேன். ஒரு துண்டுச் சீட்டில் 'ராம் - 1' என்று எழுதிக் கொடுத்தான். அதுதான் பில்லாம்.

மூன்றாம் நாள் நீலத்திரை, கம்ப்யூட்டர் கோளாறாகி நின்றுவிட்டது. அப்புறம் தினமும் இரண்டு தடவை. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனையை ராத்திரி ஓடவிட்டேன், ஹார்டுவேர் கோளாறு என்று சொல்லிவிட்டது. உள்ளே இருக்கும் பாகங்களின் விவரம் காட்டும் சிபியூ-இசட் என்ற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். அதில் எஸ்பிடி என்ற பக்கத்தில் ராம் தயாரான வாரமும் வருடமும் வரும். ஒன்று 2010, இன்னொன்று 2011. புதுசாம்!

கேபினெட்டைத் திறந்தேன். என் பழைய ஸ்டிக்கில் 2013-இல் விற்ற கடை ஒட்டிய குட்டி வாரண்டி ஸ்டிக்கர் இருக்கும், மாதத்தின் மேல் மார்க்கர் கோடு. இரண்டிலுமே அது இல்லை. 'புது' ராமின் லேபிள் ஓரத்தை நகத்தால் நெம்பினால் அடியில் இன்னொரு லேபிள், பழுப்பேறி. புதுசும் கொடுக்கவில்லை, நல்லா ஓடிக்கொண்டிருந்த என்னுடையதையும் உருவிவிட்டான்.

முதல் தடவை போனபோது, "போர்டு பழசுண்ணே, புது ராமைத் தாங்கல." இரண்டாம் தடவை, "மாட்டின பையன் ஊருக்குப் போயிருக்கான்." வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது. மூன்றாம் தடவை 'அண்ணே' போய் 'சார்' வந்துவிட்டது. "சார், பில்லுல சீரியல் நம்பர் இருக்கா? இது எங்க ராமுன்னு எப்படிச் சொல்றீங்க?" அதைச் சொல்லும்போது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, யாருக்கோ ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். 1,850 ரூபாய்க்கு அவ்வளவுதான் மரியாதை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பெட்டியை விட்டுவிட்டு வராதீர்கள், கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைப் போட்டோ எடுங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக்குக் கூப்பிடப் போகிறேன், அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு.

இதைக் கம்ப்யூட்டரில்தான் ஆரம்பித்தேன். பாதியில் திரை நீலமாகிவிட்டது. மிச்சம் போனில் அடித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.