பெயரோடு வந்திருக்கிறது அணி: காலேஜ் ஃபுட்பால் 25

2013 ஜூலையில், கொலம்பஸ் லேன் அவென்யூ பக்கம் நாங்கள் நான்கு பேர் தங்கியிருந்த வீட்டில், காசு போட்டு என்.சி.ஏ.ஏ. ஃபுட்பால் 14 என்ற வீடியோ கேமை வாங்கினோம், கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எனக்கு அப்போதுதான் எம்.எஸ். முதல் வருடம் முடிந்திருந்தது. நான் வந்திறங்கிய அந்த 2012 சீசனில் எங்கள் அணி 12-0, ஒரு தோல்வியும் இல்லை. மாணவர் டிக்கெட்டில் போய்க் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய வருடம் அது. அந்தப் பையன்களைத் திரையில் பார்க்கலாம் என்று ஆசையாக அணிப் பட்டியலைத் திறந்தால், பிராக்ஸ்டன் மில்லர் என்ற பெயரே இல்லை. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், என்ற இடத்தில் ஒரு 5ஆம் எண் நின்றது. கார்லோஸ் ஹைட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 34ஆம் எண். ஓட்டமும் உடம்பும் அவர்களுடையது, பெயர் மட்டும் கிடையாது. என் அறைத்தோழன் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பல்கலைக்கழகப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகத் தட்டி ஏற்றினான். அந்தப் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனது அன்றைக்குத்தான்.

பெயர் போடாததற்குக் காரணம் பணம். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயருக்கோ முகத்துக்கோ காசு வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஆனால் அவர்களைப் போலவே ஓடும் உருவங்களை வைத்து மற்றவர்கள் சம்பாதித்தார்கள். யு.சி.எல்.ஏ.வில் கூடைப்பந்து ஆடிய எட் ஓபானன், ஒரு வீடியோ கேமில் தன்னையே பார்த்துவிட்டு 2009இல் வழக்குப் போட்டார். அந்த வழக்குகளின் அழுத்தத்தில் 14க்குப் பிறகு விளையாட்டே நின்றுபோனது. 2021 ஜூலையில் விதி மாறி, வீரர்கள் பெயருக்குப் பணம் வாங்கலாம் என்று ஆன பிறகுதான் இந்த விளையாட்டு காலேஜ் ஃபுட்பால் 25 என்ற பெயரில் திரும்பி வர வழி பிறந்தது. இதற்காக இதைத் தயாரிக்கும் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் சம்மதித்த ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறது. 10,000 பேருக்கு மேல் சம்மதித்திருக்கிறார்கள். 600 டாலர் குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் 11 வருடம் கழித்து 2024 ஜூலை 19ஆம் தேதி இதைத் திறந்து, எங்கள் குவார்ட்டர்பேக்கை "வில் ஹவர்ட், 18" என்று முழுப் பெயரோடு பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

வெளியானபோது விலை 70 டாலர். பிளேஸ்டேஷன் 5 அல்லது புதிய எக்ஸ்பாக்ஸ் இருந்தால்தான் ஓடும். கணினியில் கிடையாது, பழைய பெட்டியிலும் கிடையாது. இதற்காக மட்டும் புதுப் பெட்டி வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படம் அருமை, ஆட்டம் வேகம், அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இதை வாங்கியது வேறொரு வேலைக்கு. ஆகஸ்ட் மாதம் முழுக்க, சீசன் தொடங்கும் முன், இந்த 2024 அணியைப் படித்துக்கொள்வதற்கு. முன்பெல்லாம் ஜூன் மாதம் கடைக்கு வரும் முன்னோட்ட இதழ்களை வாங்கி, பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பேன். இந்த வருடம் அந்த இடத்தில் இதை வைத்துப் பார்த்தேன். 134 அணிகள், அணிக்கு 85 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எண், எத்தனையாவது வருட மாணவர், எடை, உயரம், 99க்கு எத்தனை மதிப்பெண். டெப்த் சார்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள் என்று வரிசை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆறாம் வகுப்பு போகப்போகும் என் மகளோடு ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டு பார்த்தோம்.

படிக்கும்போது ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் வரிசை ஆட்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டு, இரண்டாம் வரிசையை மட்டும் வைத்து, சீசனின் முதல் எதிரணியான ஆக்ரனோடு ஒரு ஆட்டம் ஆடினேன். நல்ல அணி என்பது முதல் 22 பேரில் (தாக்க 11, தற்காக்க 11) தெரியாது, 23ஆவது ஆளில் தெரியும். ஓடும் ஆள் வரிசையில் இது நன்றாகப் புரியும். ட்ரெவியான் ஹெண்டர்சன் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்குக்குப் போகாமல் இன்னொரு வருடம் இருக்கிறேன் என்று தங்கிவிட்டார். கூடவே மிஸிஸிப்பியிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸ் வந்திருக்கிறார், அங்கே முதல் வருடத்திலேயே 1,567 கெஜம் ஓடியவர். ஹெண்டர்சனுக்குக் கடந்த இரண்டு சீசனும் காயம் விடவில்லை. இந்த விளையாட்டில் அடி விழ விழக் காலும் தோளும் தனித்தனியே தேய்ந்துகொண்டே போகும். ஒரே ஆளை 30 தடவை ஓடவிட்டால் கடைசிக் கால்பகுதியில் அவர் நொண்டுவார். இருவரையும் மாற்றி மாற்றி விட்டால் என்ன நடக்கிறது என்று நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். இந்த வருடம் நிஜத்திலும் அதுதான் திட்டமாக இருக்கும், அதுதான் சரி.

எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் பக்கம் வந்தபோது மகள் நிறுத்தி, "அப்பா, இவர் ஃப்ரெஷ்மேனா? அப்புறம் ஏன் மேலேயே இருக்கார்?" என்றாள். ஆமாம், முதல் வருட மாணவர்தான்: ஜெரமையா ஸ்மித், 4ஆம் எண். ஃபுளோரிடாப் பையன். இந்த ஆண்டு நாடு முழுக்கப் பள்ளி முடித்து வந்தவர்களில் முதல் இடம் கொடுக்கப்பட்டவர். எங்கள் அணியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவர் ஹெல்மெட்டின் நடுவில் கறுப்புப் பட்டை ஒட்டிக்கொண்டுதான் பயிற்சிக்கு வர வேண்டும். நீ இனி நம்மாள் என்று அணி ஏற்றுக்கொள்ளும் நாளில் அதை உரித்தெடுப்பார்கள். சிலருக்கு அதற்கு மாதக்கணக்காகும். ஸ்மித்துக்கு வசந்தகாலப் பயிற்சியிலேயே, அவர் கூட்டாளிகள் எல்லோருக்கும் முந்தி, பட்டை போய்விட்டது. மார்வின் ஹாரிசன் ஜூனியர் என்.எஃப்.எல். தேர்வில் நாலாவது ஆளாக அரிசோனாவுக்குப் போன பிறகு அந்த இடத்தை யார் நிரப்புவார் என்ற என் கவலை அந்தச் செய்தியோடு தீர்ந்தது. கூட எமேகா எக்புகாவும் திரும்பி வந்திருக்கிறார், கார்னல் டேட்டும் இருக்கிறார்.

தற்காப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதே இல்லை. போன வருடம் நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணிகளில் ஒன்று. ஜாக் சாயர், துயிமோலோவாவ், டைலீக் வில்லியம்ஸ், டென்சல் பர்க், லேத்தன் ரேன்சம் என்று என்.எஃப்.எல். போயிருக்கக்கூடிய பலர் தங்கிவிட்டார்கள். அது போதாதென்று அலபாமாவில் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றதும் கேலப் டவுன்ஸ் இங்கே வந்துவிட்டார். முதல் வருடத்தில் 107 டேக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது, செய்த சேஃப்டி, பின்னால் நிற்கும் கடைசிக் காவல் ஆள். வெளியீட்டுக்கு முன் நிறுவனமே வெளியிட்ட வரிசையில் தற்காப்பில் எங்களுக்குத்தான் முதல் இடம், மொத்த அணியில் ஜார்ஜியாவுக்கு அடுத்தது. இந்த எண்ணை நான் முழுதாக நம்புகிறேன்.

நம்பாத இடம் ஒன்று இருக்கிறது. ஆஃபென்ஸ் லைன். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று தடுக்கும் அந்த ஐந்து பேர். மூன்று வருடமாக வடக்கே இருக்கும் அந்த அணியிடம், மிச்சிகனிடம், தோற்றுக்கொண்டிருக்கிறோம், அவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டே போனது அந்தக் கோட்டில்தான். இடது பக்கம் ஜாஷ் சிம்மன்ஸ், டானவன் ஜாக்சன் இருவரும் எனக்குத் திருப்தி. ஜாக்சனும் என்.எஃப்.எல். போகாமல் தங்கியவர். நடுவில் அலபாமாவிலிருந்து வந்த செத் மெக்லாக்லின். பலத்திலும் தடுப்பதிலும் விளையாட்டு இவருக்கு நல்ல எண்களையே கொடுக்கிறது, அது நியாயம். ஆனால் சென்டர் வேலையில் முதல் பாதி, பந்தைக் கால் நடுவே பின்னால் ஒழுங்காகக் கொடுப்பது. 2024 ஜனவரி 1 அன்று ரோஸ் போல் ஆட்டத்தில் மிச்சிகனிடம் அலபாமா தோற்றதை நான் பார்த்தேன். கூடுதல் நேரத்தின் கடைசி முயற்சியில் பந்து தாழ்வாகப் போனது, அதோடு ஆட்டம் முடிந்தது. அந்தச் சீசன் முழுக்கவே அவருக்கு அந்தச் சிக்கல் இருந்தது. இந்த விளையாட்டில் நான் ஆடிய முப்பது சொச்சம் ஆட்டங்களில் ஒரு தடவைகூடப் பந்து தாழ்வாக வரவில்லை. ஆக, எனக்கு மிகவும் தெரிய வேண்டிய விஷயத்தை இதில் பார்க்க வழியில்லை. பயிற்சி முகாமில் அவர் அதைச் சரிசெய்திருந்தால் இந்தச் சீசனின் மிக நல்ல செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

சென்டருக்கு வலப்பக்கம் நிற்கும் வலது கார்டு இடமும் அப்படித்தான். டெக்ரா ஷபோலா, லூக் மாண்ட்கோமரி, போன வருடம் சென்டராக இருந்த கார்சன் ஹின்ஸ்மன் என்று மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். திரையில் அவர்களுக்கிடையே சில எண் வித்தியாசம், அவ்வளவுதான். மூன்றில் யாரைப் போட்டாலும் ஆட்டம் ஒரே மாதிரிதான் போகிறது. நிஜத்தில் பக்கத்தில் நிற்பவனோடு பழகிப் பழகி வரும் ஒற்றுமை அந்த ஐந்து பேருக்கு உயிர். 85 பேரைத் தனித்தனியாக எடைபோடும் பட்டியலில் அது ஏறாது.

இன்னொரு குறை, நிஜப் பயிற்சியாளர்கள் யாரும் இல்லை. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் ரயன் டே நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருவர். மற்ற அணிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். எங்களுக்கு இந்த வருடத்தின் பெரிய மாற்றமே யு.சி.எல்.ஏ.வின் தலைமைப் பயிற்சியாளர் பதவியை விட்டு, ஆட்டம் வகுக்கும் வேலைக்கு சிப் கெல்லி இங்கே வந்ததுதான். தலைமைப் பதவியிலிருந்து ஒருவர் இப்படி இறங்கி வருவது அபூர்வம். கேன்சஸ் ஸ்டேட்டில் 2022இல் பிக் 12 லீக் கோப்பை ஜெயித்த ஹவர்ட், நல்ல உயரமும் உடம்பும் உள்ளவர், தானே பந்தோடு ஓடவும் தெரிந்தவர். அவரைக் கெல்லி எப்படி ஓடவிடுவார் என்பதுதான் என் முதல் கேள்வி. விளையாட்டில் நானே ஓடவிட்டேன், நன்றாக ஓடினார். ஆனால் அது என் முடிவு, கெல்லியின் முடிவு கிடையாது.

வெளி மைதானங்களை உருவாக்கிய விதத்தை மட்டும் கொஞ்சம் பாராட்டியே ஆக வேண்டும். கூட்டத்தின் சத்தம் ஏற ஏறத் திரை நடுங்கும், யார் எங்கே ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் நெளிந்து குழம்பும். எங்கள் குதிரை லாடத்தில், அதாவது 1,02,780 பேர் உட்காரும் ஓஹையோ ஸ்டேடியத்தில், எதிரணிக்கு அதைச் செய்வது சுகம். அக்டோபர் 12 ஆரெகன் பயணத்துக்காக அவர்கள் ஊரான யூஜீனில் மூன்று தடவை ஆடினேன். இரண்டில் தோற்றேன். சிறிய மைதானம்தான், ஆனால் மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், ஒன்றும் கேட்காது. ஆரெகன் இந்த வருடம் நாம் ஆடும் பிக் டென் லீக்குக்கே வந்துவிட்டது. அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டம் போட்டுவையுங்கள்.

அட்டைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. மூன்று பேரில் ஒருவர் மிச்சிகனின் டானவன் எட்வர்ட்ஸ். 2022 நவம்பரில் நான் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் மைதானத்திலேயே 75 கெஜம் ஒன்று, 85 கெஜம் ஒன்று என்று ஓடி எங்களை முடித்தவர். 14இன் அட்டையிலும் அந்த அணியின் டெனார்ட் ராபின்சன்தான் இருந்தார். தட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அட்டையைத் திருப்பித்தான் அடுக்கியிருக்கிறேன். அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை, நவம்பர் 30 அன்றுதான் ஆற வேண்டும்.

வாங்கலாமா? அணியின் பெயர்களைத் தெரிந்துகொண்டு மைதானத்துக்குப் போக விரும்புபவர் என்றால், வாங்கலாம். நான் பார்த்த எந்த முன்னோட்ட இதழையும்விட இது சீக்கிரம் மனதில் பதிகிறது, ஏனென்றால் ஒரு பெயரைப் படித்த அடுத்த நிமிடம் அவரை ஓடவிட்டுப் பார்க்கிறோம். அமெரிக்கா வந்து நாலைந்து வருடமாகியும் இந்த விளையாட்டு பிடிபடவில்லை என்று என்னிடம் சொல்லும் நண்பர்களுக்கு இதையே சிபாரிசு செய்கிறேன். விதியைப் படிக்க வேண்டாம், முதலில் ஓர் அணியின் 20 பெயர்களைப் படியுங்கள், யார் யாருக்கு அடுத்தவர் என்று பாருங்கள், பிறகு விதி தானாக வரும். முன்னோட்ட இதழை நான் முழுதாக விட்டுவிடப் போவதில்லை. லைன் பற்றியும் பயிற்சியாளர் பற்றியும் எழுத ஒரு மனிதர் வேண்டும்.

வரும் சனிக்கிழமை, 2024 ஆகஸ்ட் 31, ஆக்ரனோடு முதல் ஆட்டம். மகள் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 22 பேரையும் அவரவர் இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள், துயிமோலோவாவை எழுத்துக்கூட்டிச் சரியாக எழுதியிருக்கிறாள். 21 பெயர் பேனாவில், வலது கார்டு மட்டும் பென்சிலில். ஆட்டம் தொடங்கி முதல் தடவை அந்த ஐந்து பேர் குனியும்போது பார்த்து எழுதிக்கொள்ள, பேனாவையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாள்.