காப்பீட்டு அட்டையோடு எம்.ஆர்.ஐ.: பெரியாஸ்பத்திரியா, தனியாரா?

அம்மாவுக்கு இடுப்பில் தொடங்கி வலது கால் பெருவிரல் வரை இழுக்கும் வலி. முதுகெலும்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. அதை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. மருத்துவக் கல்லூரியோடு இருக்கும் அரசு மருத்துவமனை ஒன்று. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனை இன்னொன்று. அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் காசு கொடுத்துத் தனியார் ஸ்கேன் சென்டரில் எடுப்பது மூன்றாவது. நாங்கள் முதல் வழியில் போனோம். அட்டை வைத்திருக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அட்டையைப் பற்றிச் சுருக்கமாக. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்து தருவார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். நோயைக் கண்டறியும் சோதனைகளும் திட்டத்தில் உண்டு, ஆனால் எல்லாச் சோதனையும் கிடையாது. உங்கள் ஸ்கேன் பட்டியலில் இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் எடுக்கலாம் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் எங்கேயும் வேலை நடக்காது.

பணக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரசு மருத்துவமனைகளில் உள்ள ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. அட்டை இல்லாதவர்களுக்கே அங்கே சி.டி. ஸ்கேன் 500 ரூபாய், சாதாரண எம்.ஆர்.ஐ. 2,500 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம். வெளியே விசாரித்தபோது அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு சொன்னார்கள். காத்திருப்பில் தனியார்தான் முந்தும். காசு கொடுத்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம், அரசு மருத்துவமனையில் தேதி வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். மெஷினைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். இடுப்புப் பகுதி முதுகெலும்புக்கும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குக்கும் இரண்டு இடத்திலும் இருக்கும் மெஷின் போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ஸ்கேன் டாக்டரும் வைத்தியம் பார்க்கும் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேச முடிகிறதா என்பதுதான் அது. ரேடியாலஜிஸ்ட் என்கிற அந்த ஸ்கேன் டாக்டரின் முகத்தைக்கூட நாம் பார்ப்பதில்லை. பெரும்பாலும் பரிந்துரைச் சீட்டில் இருக்கும் ஒரு வரியை வைத்துத்தான் அவர் படத்தைப் படிக்கிறார். வெறும் ‘முதுகுவலி’ என்று எழுதியிருந்தால் அவரும் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக் கொடுப்பார். ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களை வலியே இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு மேல் டிஸ்க் தேய்ந்தோ பிதுங்கியோதான் இருக்கும். பிதுங்கல் இருக்கிறது என்பது பெரிய செய்தியே இல்லை. இந்தக் கால் வலிக்குக் காரணம் அதுதானா என்பதே கேள்வி.

அம்மாவின் ரிப்போர்ட்டில் எல்4–எல்5 இடத்திலும் (இடுப்புப் பகுதி முதுகெலும்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே) பிதுங்கல், அதற்குக் கீழே எல்5–எஸ்1 இடத்திலும் பிதுங்கல் என்று இருந்தது. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எந்த இடம்? பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறைந்திருப்பதை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு டாக்டர் பார்த்தார். அது எல்5 நரம்பின் வேலை. அந்த நரம்பைப் பெரும்பாலும் அழுத்துவது மேலே உள்ள எல்4–எல்5 டிஸ்க். அவர் பிலிமைக் கொடுத்து முதுகலை மாணவர் ஒருவரை ஸ்கேன் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பேராசிரியர் இந்தத் தகவலோடு படத்தை மறுபடி பார்த்து, மேலே உள்ள டிஸ்க்தான் வலது பக்க நரம்பை நெருக்குகிறது, கீழே இருப்பது நரம்பைத் தொடவில்லை என்று எழுதிச் சேர்த்தார். அம்மாவுக்கு இப்போதைக்கு மாத்திரையும் பிசியோதெரபியும் போதும் என்று முடிவானது. ஒரே வளாகத்துக்குள் இரண்டு பிரிவும் இருப்பதால்தான் இது நடந்தது. நாங்கள் யாரையும் சிபாரிசு பிடிக்கவில்லை.

வெளியே எடுத்த ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? சென்டரில் கவுண்டரில் இருப்பவரால் பதில் சொல்ல முடியாது. படத்தைப் படித்த ஸ்கேன் டாக்டர் வேறு ஊரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்திருக்கலாம். அப்படிப் படிப்பதில் தவறு இல்லை. ஆனால் வைத்தியம் பார்ப்பவர் அவரைக் கூப்பிட்டுப் பேசும் வழி நோயாளியின் கையில் இல்லை. கடைசியில் “இங்கேயே இன்னொரு தடவை எடுத்துடுங்க” என்பதில் போய் நிற்கும். எங்கள் உறவினர் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. முதலில் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையை நான் ஒதுக்கவில்லை. அறுவை சிகிச்சை அங்கேதான் என்று முடிவாகிவிட்டால் ஸ்கேனும் அங்கேயே எடுப்பதுதான் சரி. அங்கேயும் ஸ்கேன் டாக்டரும் சர்ஜனும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். அட்மிட் ஆவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த ஸ்கேன் காப்பீட்டுத் தொகைக்குள் வருகிறதா, முன் அனுமதி வாங்கியாகிவிட்டதா? காப்பீட்டில் அடங்கியதற்குத் தனியாகப் பணம் கேட்டால் மேலே சொன்ன எண்ணிலேயே புகார் சொல்லலாம். இந்த வழியில் நான் உறவினர்களோடு போய் வந்ததுதான், எங்கள் வீட்டு நோயாளிக்காகப் போனதில்லை. அதனால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் நாட்களும் ஊருக்கு ஊர் மாறும்.

காசு கொடுத்து எடுப்பது எப்போது சரி? வயிற்று அல்ட்ராசவுண்ட் போன்ற சின்னச் சோதனைக்கு அரை நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்பதைவிட வெளியே எடுப்பது லாபமாக இருக்கலாம். தேதி மிகவும் தள்ளிப்போய் டாக்டரே அவசரப்படுத்தினாலும் வெளியே எடுங்கள். அப்படி எடுத்தால் பிலிமோடு நிற்காமல், படங்களைப் பதிவு செய்த சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும், அந்தத் தட்டில் எல்லாப் படங்களும் இருக்கும்.

எந்த வழியில் போனாலும், பரிந்துரைச் சீட்டில் எந்தப் பக்கம், எந்த விரல், எத்தனை நாளாக என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பழைய ஸ்கேன் இருந்தால் எடுத்துப் போங்கள். உடலில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் திடீரென்று பலமிழந்தாலோ தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. நேரே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், அட்டையைப் பிறகு கொண்டுவந்து காட்டிக்கொள்ளலாம்.