பழைய சைக்கிள்: எதை நாமே பார்க்கலாம், எதைக் கடையில் கொடுக்கலாம்?

தேய்ந்த சைக்கிளை அப்படியே கடையில் விடுவதா, நாமே பிரித்துப் போட்டு உட்காருவதா? வேலைக்கு வேலை பதில் மாறும். 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள நம் ஊர்ப் பழைய சைக்கிளை வைத்துச் சொல்கிறேன்.

பஞ்சர், பிரேக் கட்டை இரண்டையும் வீட்டிலேயே முடிக்கலாம். பஞ்சருக்குச் சொல்யூஷன் பசை தடவியதும் பளபளப்பு மங்கும்வரை பொறுத்து ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடிவிடுங்கள்.

செயினும் நம் வேலைதான், ஆனால் முதலில் அளக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 அங்குலம் வரும். அதற்கு மேல் 1/8 அங்குலம் நீண்டிருந்தால் புதுச் செயின் வாங்குங்கள். செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் லாக்கைக் கழற்ற ஒரு பிளையர் போதும். மாட்டும்போது லாக்கின் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம் இருக்கட்டும்.

புதுச் செயின் மாட்டியும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்குகிறதா? பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல் தேய்ந்திருக்கும். அதைக் கடையில் கொடுங்கள். மிதிக்க மிதிக்க இறுகிப்போன மரை அது. தனிக் கருவியும் வைஸும் இல்லாமல் அசையாது. சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் வேலைக்குக் கருவி வாங்குவது வீண் செலவு.

பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னையும் வீட்டில் தொடாதீர்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'கடக்' என்று ஆட்டம் கொடுத்தால் பெரும்பாலும் அதுதான். சுத்தியலால் மாறி மாறித் தட்டினால் மரை நசுங்கும், பின் வளையும், அடி உள்ளே இருக்கும் பால்ஸ் (பேரிங் குண்டுகள்) வரை இறங்கும். கைதேர்ந்தவர் கிராங்குக்கு அடியில் இரும்பை முட்டுக் கொடுத்து ஒரே அடியில் எடுத்துவிடுவார்.

ஆடி ஓடும் சக்கரத்தை நேராக்குவதும், அதாவது கோட்டம் எடுப்பதும், அப்படித்தான். பின் சக்கரத்தில் 40 போக்குக் கம்பிகள் (ஸ்போக்ஸ்). ஒன்றை முறுக்கினால் இன்னொரு பக்கம் இழுக்கும். சக்கரத்தைச் சுழலவிட்டுக் கால் திருகு, அரைத் திருகாக நேராக்கும் அந்தக் கைப்பழக்கத்துக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கடையில் விடும்போது "எல்லாத்தையும் பாருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். காட்டர் பின் இரண்டு பக்கமும், பின் சக்கரக் கோட்டமும் என்று வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் வாங்கிப் பாருங்கள். எது எங்கே தேய்ந்தது என்று கேட்டால் அவரே காட்டுவார்.