மத்தள – பலாலி "ஒரு மணிநேர விமானம்": பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பண்டாரவளை, பதுளை, அப்புத்தளைப் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். அம்பாந்தோட்டைப் பக்கத்து மத்தள விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு விமானத்தில் இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். நாங்கள் 60,000 ரூபா முற்பணம் கட்டிவிட்டு நிற்கிறோம்.

சுன்னாகத்தில் சின்னம்மா மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு முதுகெலும்பில் தேய்மானம். இங்கிருந்து யாழ்ப்பாணம் போவதென்றால் பொல்காவலை வரை ரயிலில் போய் வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் இரவு முழுக்க பஸ். இரண்டுமே அம்மாவால் முடியாது. அதனால்தான் டவுனில் ஒரு டிக்கெட் ஏஜென்டிடம் போனேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்: மத்தள – பலாலி, 405 கிலோமீட்டர், 1 மணிநேரம். வீட்டுக்கு வந்து நானும் போனில் அடித்துப் பார்த்தேன். அதே கணக்கு வந்தது. நம்பிவிட்டேன்.

அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். இரண்டு விமான நிலையங்களும் வரைபடத்தில் இருக்கிற இடத்தை வைத்து நேர்கோட்டுத் தூரத்தை எடுக்கிறார்கள். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்து வகுத்து, ஏற இறங்க அரை மணிநேரம் கூட்டுகிறார்கள். உலகத்தில் எந்த இரண்டு நிலையங்களைக் கொடுத்தாலும் இப்படி ஒரு விடை வந்துவிடும். அங்கே விமானம் ஓடுகிறதா இல்லையா என்று அது பார்ப்பதே இல்லை. அந்த வேகமும் பலாலிக்குப் பொருந்தாது. சென்னையிலிருந்து அங்கே வரும் ஏடிஆர் விமானம் சுழல்விசிறி வைத்தது. மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கும்.

போகிற நாள் அதிகாலை இரண்டு மணிக்கு வேனில் ஏறினோம். எல்ல இறக்கம், வெல்லவாய, தனமல்வில. யானை குறுக்கே வருகிற பாதை, டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். அம்மா பின் சீட்டில் தலையணை வைத்துப் படுத்தபடி வந்தார். 2013இல் திறந்த அந்தப் பெரிய நிலையத்தின் வாசலில் காவலுக்கு நின்றவர், ஏஜென்ட் டிக்கெட் என்று தந்த தாளை வாங்கிப் பார்த்தார். இதில் விமான நம்பரே இல்லையே, இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு எதுவும் போவதில்லையே என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். நல்ல மனிதர், அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அங்கிருந்து பத்து மணிநேரத்துக்கு மேல் வேனில் வடக்கே போக அம்மாவால் முடியவில்லை. திரும்பிவிட்டோம். தாலி கட்டுவதை மறுநாள் போனில்தான் பார்த்தார்.

அந்தத் தாளில் எங்கள் பெயர், திகதி, தூரம், நேரம் எல்லாம் அழகாக அச்சடித்திருந்தது. உண்மையான டிக்கெட்டில் விமான நம்பர் இருக்கும், ஆறு எழுத்தில் ஒரு பதிவுக் குறியீடு இருக்கும், பெரும்பாலும் 13 இலக்க டிக்கெட் நம்பரும் இருக்கும். அந்தக் குறியீட்டை வைத்து விமானக் கம்பனியிடமே நேராகக் கேட்டுவிடலாம். ஏஜென்ட் சொல்வதோடு நிற்காதீர்கள்.

இப்போது கேட்டால் "ப்ளைட் கேன்சல் ஆகிவிட்டது, அடுத்த கிழமை பணம் தருகிறேன்" என்கிறார். இல்லாத விமானம் எப்படிக் கேன்சல் ஆகும்? பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லிவிட்டேன். இதே மாதிரி மத்தள – பலாலி என்று வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.