வேக ராப்: ஐந்து குரலா, ஒற்றை நாக்கா?

வேக ராப் என்றதும் இரண்டு ஆல்பங்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, அமெரிக்காவின் கிளீவ்லண்டைச் சேர்ந்த ஐவர் குழு போன் தக்ஸ்-என்-ஹார்மனி 1995-இல் வெளியிட்ட 'ஈ. 1999 எடர்னல்'. மற்றது, சிகாகோவின் ராப்பர் ட்விஸ்டா 1997-இல் தந்த 'அட்ரினலின் ரஷ்'.

ட்விஸ்டாவின் வேகம் தனி ஆளின் வித்தை. 1992-இலேயே வேகமான ராப்பர் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியவர். இசைத் தயாரிப்பாளர் லெஜண்டரி ட்ராக்ஸ்டரின் கனத்த, அவசரமில்லாத தாளத்தின்மேல் அசைகள் எண்ணெயில் கடுகு போலப் பொரிகின்றன; ஆனாலும் ஒவ்வொரு மெய்யெழுத்தும் தெளிவாகக் காதில் விழுகிறது. எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தேடிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

போன் தக்ஸ் ஓடிக்கொண்டே பாடுகிறார்கள். ஒருவர் வரியை விரைந்து சொல்ல, மற்றவர்கள் அதன் கடைசிச் சொல்லைச் சுருதியோடு இழுக்கிறார்கள். பாதிச் சொற்கள் நழுவிவிடும், மெட்டு நிற்கும். இவர்களை வளர்த்த ராப்பர் ஈஸி-ஈ, ஆல்பம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார். இதிலுள்ள 'கிராஸ்ரோட்' பாடலை 1996-இல் மாற்றியமைத்து அவருக்கான அஞ்சலியாக்கினார்கள். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. ஒப்பாரியை இத்தனை வேகத்தில் வைக்க முடியும் என்று அதற்கு முன் நான் நினைத்ததில்லை.

தொழில் சுத்தத்துக்கு ட்விஸ்டா. இரவில் தனியாகக் கேட்க, என் கை போன் தக்ஸைத்தான் தேடும்.